மேல் வரியில் உங்க பேர்

என் உசிரான மச்சானுக்கு,

மையவாடிப் பக்கம் போகிற ஆம்பளைகள், உள்ளே அடங்கியிருக்கிறவர்களுக்குச் சலாம் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வார். பொம்பளைகள் நாங்கள் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. அதனால் என் சலாமைத் தாளிலேயே எழுதிவிடுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வருகிறது. இதை உங்ககிட்டக் கேட்கலாமா, கூடாதா? அதுவும் தெரியவில்லை.

நான் அஞ்சாப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பதால் அந்தக் கவலை இல்லை. ஊரில் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் ஒருத்தரும் முழுசாகக் கேட்பதில்லை. "சரி ரகமத்து, பாத்துக்கிடலாம்" என்று பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். தாளை விட்டு எழுந்து எங்கே போவார்கள்?

உங்க மேலயும் எனக்குக் கோபம்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையைக் கொஞ்சம் மட்டமாகச் செய்யத் தெரிந்திருக்கக் கூடாதா உங்களுக்கு? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனையோ பேர் ஒட்டிய டைல்ஸ் ஒரு மழைக்குப் பொத்தென்று விழுகிறது. நம்ம தர்காவில் நீங்கள் ஒட்டியது மட்டும் உளி வைத்தாலும் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அது விழுந்து தொலைந்திருந்தால் எனக்கு இந்த வருசம் இம்புட்டு அலைச்சல் இல்லை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்க தெருமுனையில் இருக்கிற தர்கா ரொம்பப் பழசு. செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கும்மட்டத்துக்குக் கீழே, நாங்கள் பொம்பளைகள் உட்காருகிற முன்மண்டபத்தில் ஒரு பெரிய சுவர். அதன் மேல்பகுதியில் சுண்ணாம்புச் சுதையில் கொடி ஓடும், பூ இருக்கும், நடுவில் அரபி எழுத்து இருக்கும். அதைச் செய்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பேர் எழுதி வைக்காமல் போன மனுசன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்தர் மவுத்தாகிக் கண்ணை மூடிவிட்டால் அவர் பேரில் தர்காவுக்கு ஏதாவது செய்வது. முன்னெல்லாம் பாய், விளக்குக்கு எண்ணெய் என்று இருந்தது. சுவரின் அடியில் ஓதம் அடித்துச் சுண்ணாம்பு பொரியத் தொடங்கியபோது, ஜமாத் தலைவர் சுல்தான் மாமு தன் அத்தா பேரில் ஒரு வரி டைல்ஸ் வாங்கிக் கொடுத்தார். நடுவில் பேர் போட்ட டைல்ஸ். பார்க்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவ்வளவுதான், ஊருக்கே ஆசை வந்துவிட்டது.

ஒட்டுகிற வேலையை நீங்கள் கூலி இல்லாமல் செய்தீர்கள். நம்ம மகன் காதருக்குச் சின்னதில் மஞ்சக்காமாலை வந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை. அடுத்த மழைக்கு டைல்ஸுக்கு மேலே ஈரம் தெரியும். அதற்குள் இன்னொரு வீட்டில் ஒரு மவுத்து நடந்திருக்கும். அவர்கள் பேரில் அடுத்த வரி. ஈரம் ஏற ஏற டைல்ஸும் ஏறியது, பேரும் ஏறியது. சுதைப்பூவில் உப்பு பூத்து நிற்பதைக் காட்டி உங்ககிட்டக் கேட்டேன், ஞாபகம் இருக்கா? "இன்னொரு வரி ஒட்டுனா மறைஞ்சிரும் புள்ள" என்றீங்க. மறைஞ்சிரும்தான் மச்சான். மறைக்கத்தான் செய்தது.

இன்னொரு கோபமும் இருக்கிறது. டைல்ஸ் அறுக்கிற தூசிக்கு மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள் என்று எங்க பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப் போடுகிற துணியைக் கேட்டு வாங்கி, மடித்து, ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்து கொடுப்பேன். நீங்கள் அதை வைத்து டைல்ஸைத் துடைத்தீர்கள். "நல்லாப் பளபளன்னு ஆகுது, நாளைக்கும் கொண்டா" என்று வேறு கேட்டீர்கள். கடைசியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது உங்க நெஞ்சைத் தடவிக்கொண்டே நான் திட்டியது அதைத்தான். உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

உங்க நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குக் காதர் தன் கையால் ஒரு வரி ஒட்டினான். எல்லாருக்கும் மேலே, சுதைக்கொடியைத் தொட்டுக்கொண்டு. நடுவில் 'மர்ஹூம் மு. இஸ்மாயில் நினைவாக'. கபரில் கல் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. மண்மேடு, அதில் ஒரு செடி, அவ்வளவுதான். அதையும் ஆம்பளைகள்தான் போய்ப் பார்த்து வருகிறார்கள். எனக்கு உங்களைப் பார்க்க இருந்த இடம் அந்த டைல்ஸ் ஒன்றுதான். வியாழக்கிழமை தோறும் போய், கையை உயர்த்தி, முந்தானையால் உங்க பேரைத் துடைத்துவிட்டு உட்காருவேன். செத்த நேரம் உட்கார்ந்தால் போதும், அந்த வாரம் ஓடிவிடும்.

போன ஐப்பசி மழையில்தான் வினை வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை அந்தச் சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பால் கரைக்க வெந்நீர் கேட்டு எழுந்து வெளியே போனாள். அவள் இருந்த இடத்தில் ஒரு பூவும் பாதிக் கொடியும் பொலபொலவென்று விழுந்தது. மண்டபம் முழுக்கப் புழுதி. அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜமாத் பயந்துபோய், மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் பொண்ணைக் கூட்டி வந்தது. ஸ்டெல்லா என்று பேர். பழைய கட்டடங்களைச் சரிசெய்வதுதான் அவள் வேலை. சுவரில் வைத்தால் ஈரத்துக்குத் தக்கபடி கத்துகிற ஒரு மிஷின் வைத்திருந்தாள். அடியில் வைத்தாள், கத்தியது. சுதையில் வைத்தாள், அங்கேயும் கத்தியது. ஆம்பளைகளுக்கு அது விளையாட்டுச் சாமானாகப் போய்விட்டது. தூணில் வையுங்கள், கதவில் வையுங்கள் என்று ஆளாளுக்கு ஏவினார்கள். சுல்தான் மாமு தொப்பியைக் கழற்றிவிட்டு, "என் மண்டையில வச்சுப் பாரும்மா" என்றார். அவள் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாக் காஞ்சிருக்கு ஐயா" என்றாள். சிரிப்பு அடங்கவே நேரமாகிவிட்டது.

பொறவு அவள் சொன்னதில் யாரும் சிரிக்கவில்லை. "மண்ணுல உள்ள ஈரம் சுவத்துல ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவரு அத அப்பப்ப வெளிய விட்டுரும். நீங்க டைல்ஸும் சிமெண்டும் வச்சு வாசல அடைச்சுட்டீங்க. அது மேல போகாம எங்க போகும்?" என்றாள். முற்றத்தில் சுவரை ஒட்டிப் போட்ட பேவர் பிளாக்கை எடுத்துவிட்டு, மழைத்தண்ணீர் ஓட வாறுகால் வெட்ட வேண்டும். வியாழக்கிழமை நேர்ச்சை என்று பொம்பளைகள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவதை நிறுத்த வேண்டும். டைல்ஸ் அத்தனையும், அதன் பின்னால் உள்ள சிமெண்டும் வெளியே வர வேண்டும். அதன் பின் ரெண்டு கோடைக்குச் சுவரைச் சும்மா விட வேண்டும். காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு.

வாறுகாலுக்குத் தலையாட்டினார்கள். பேவர் பிளாக்குக்கும் ஆட்டினார்கள். 'சும்மா விட வேண்டும்' என்ற இடத்தில்தான் எல்லா மண்டையும் நின்றுவிட்டது. எங்க ஆட்களுக்கு எதையும் செய்யச் சொல்லலாம். கிரானைட் ஒட்டச் சொன்னால் அன்றைக்கு ராத்திரியே லாரி வந்து நிற்கும். ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்றால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. "கந்தூரிக்கு வெளியூர்லருந்து ஆளுக வரும். தர்கா சுவரு சட்டையில்லாம நிக்கணுமாக்கும்?" என்று சுல்தான் மாமு கேட்டார். யாரோ ஒருத்தர், ஈரம் வராமல் அடைக்கிற மருந்து ஒன்று டப்பாவில் வருகிறதாம், அதை அடித்து மேலே கூரை வரைக்கும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். ஸ்டெல்லா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

பொம்பளைகள் பக்கத்திலிருந்து நான் வாயைத் திறந்தேன். புண்ணில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் அழுகிப் போகும், அதனால்தானே எங்க கம்பெனியில் காற்றுப் போகிற மாதிரி துணி நெய்கிறார்கள் என்றேன். எனக்கே அது நல்ல பேச்சாகத் தெரிந்தது. சுல்தான் மாமு என்னைப் பார்த்து, "ஏம்மா, சுவத்துக்கு என்ன சொறியா புடிச்சிருக்கு?" என்றார். மறுபடி சிரிப்பு. என் பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் கம்பெனியில் முத்துலட்சுமியிடம் சொல்லிப் புலம்பினேன். என் பக்கத்து மேசையில் துணி சுருட்டுகிறவள், வன்னியம்பட்டிக்காரி, உங்களுக்கும் தெரியும். "ஏட்டி, ஒங்க ஊர்ல மட்டுமா? எங்க கோயில் கொடைக்குக் கல்லுத்தூணுக்கே சந்தனக் கலர் அடிக்கான். நல்ல கல்லும்மா அது. கேட்டா சாமிக்கு அழகுங்கான்" என்றாள். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை. எரிச்சல்தான் கூடியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. அடுத்த பூ யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்ற பயத்தில், டைல்ஸை எடுப்பது என்று ஒருவழியாக முடிவானது. யார் பேரை முதலில் எடுப்பது? அடிவரி சுல்தான் மாமுவின் அத்தாவுடையது. கீழே கை வைத்தால் மேலே உள்ளது சுதையோடு சேர்ந்து சரியும், மேலிருந்துதான் இறங்கி வர வேண்டும் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டார் மாமு. "மேல் வரிக்காரங்க மொதல்ல சம்மதிக்கட்டும். பொறவு நாங்க என்ன, வேண்டாம்னா சொல்லப் போறோம்?" என்றார். அத்தனை பேரும் காதரைப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் பார்த்தார்கள்.

காதர் எழுந்து வெளியே போய்விட்டான். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவன், பிசையவே இல்லை. "எங்க அத்தா வேலையில எவனும் கை வைக்கக் கூடாது" என்றான். சுவர் விழுந்துவிடுமேப்பா என்றேன். "விழுந்தா விழட்டும். இப்பக் கொத்தி எடுத்தா என்ன சொல்லுவானுக தெரியுமா? இஸ்மாயில் கெடுத்த சுவருன்னு சொல்லுவானுக. டீக்கடையில சொல்லுவானுக, நான் வேலைக்குப் போற எடத்துல சொல்லுவானுக. அவிய காசு வாங்காம, முட்டி தேய ஒக்காந்து ஒட்டுனது. அதுக்கு இதாம்மா பேரு?" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போனவன், அதற்கப்புறம் தினமும் பரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தான். மருமகள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

எனக்கு வேறு பயம் இருந்தது. உங்க நன்மை என்ன ஆகும்? நேர்ச்சை வைத்து ஒட்டியதைப் பெயர்த்துவிட்டால் அங்கே உங்க கணக்கிலிருந்து அது போய்விடுமா? ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். இஸ்மாயில் எந்த நெனப்பில் ஒட்டினாரோ அந்த நெனப்புக்கு எழுத வேண்டியதை, நன்மை தீமைக் கணக்கு எழுதுகிற மலக்குகள் அன்றைக்கே எழுதியாயிற்று, சிமெண்டைக் கொத்தினால் அது பெயராது என்றார் ஹஜ்ரத். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க உம்மா பேரும் அதுல ரெண்டாவது வரியில இருக்கும்மா" என்றார். அவருக்கும் கஷ்டம்தான். முதலில் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை உங்க வேலைப்பையைத் திறந்தேன். சுத்தியலையும் உளியையும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு தர்காவுக்குப் போனேன். பாத்திஹா ஓதி முடித்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, உங்க பேரைக் கடைசியாக ஒரு தடவை துடைத்தேன். பிறகு உளியை வைத்து அடித்தேன். சத்தம்தான் வந்தது. இன்னொரு தடவை அடித்தேன். கை மரத்துப்போனது. டைல்ஸ் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்தது, அவ்வளவுதான். முதலிலேயே சொன்னேனே, உங்க வேலை அப்படி. அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. வந்திருந்த பொம்பளைகள் எழுந்து தள்ளி நின்றுகொண்டார்கள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை, உதவிக்கும் வரவில்லை.

சத்தம் கேட்டு வந்த சுல்தான் மாமு காதருக்குப் போன் போட்டுவிட்டார், "உங்கம்மா தர்காவ இடிக்கா, ஓடியா" என்று. அவன் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து காலில் சிமெண்டு காயாமல் வந்து நின்றான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். நான் உளி பிடித்திருந்த லட்சணத்தைப் பார்த்தான். "எறங்கும்மா. இப்படி அடிச்சா சுவரும் சேந்து வரும்" என்றான். உளியை வாங்கி, சந்தில் சாய்த்து வைத்து, உங்களை மாதிரியே நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டினான்.

உங்க பேர் ரெண்டு துண்டாக வந்தது. பின்னால் இருந்த சிமெண்டையும் பெயர்த்தான். உள்ளே சுவர், நனைத்துப் போட்ட சாக்கு மாதிரி கறுத்துக் கிடந்தது. பூட்டிப் போட்ட வீட்டு வாடை. காதர் அதில் உள்ளங்கையை வைத்தான், எடுக்கவே இல்லை. "அத்தாவுக்கு இது தெரியாதுலம்மா?" என்று கேட்டான். தெரியாதுப்பா என்றேன். பாதி உண்மைதான் மச்சான். நீங்களே சொல்லுங்க, வேறு என்ன சொல்லியிருப்பேன்?

பார்த்துக்கொண்டே நின்ற சுல்தான் மாமு தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு ஜும்ஆ முடியவும் எங்க அத்தாவது வரைக்கும் எடுத்துருலே காதரு. நான் ஆள் அனுப்புதேன்" என்றார். பிறகு, தான் தோற்றுவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, "எவ்வளவு நாளா நான் இதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார்.

பேர் போட்ட டைல்ஸைக் குப்பையில் போட முடியாது. முகமது என்றும் அப்துல்லா என்றும் எழுதியதைக் கால்படுகிற இடத்தில் எறிவோமா? எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மையவாடிக்கு எடுத்துப் போய் ஒரு ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். உங்களுடையதை மட்டும் காதர் அந்தச் சாக்கில் போடவில்லை. உங்க தலைமாட்டில் மண்ணைத் தோண்டி வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் வீட்டில் சோறு கேட்டான். நான் வர முடியாத இடத்துக்கு உங்க பேர் வந்துவிட்டது. வந்ததா?

இப்போது சுவர் வெறும் செங்கலாக நிற்கிறது. வாறுகால் வெட்டியாயிற்று. தினம் உப்பு பூக்கிறது. தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடச் சொல்லியிருக்கிறாள் ஸ்டெல்லா. கம்பெனிக்குப் பஸ் ஏறுமுன் போய்த் தட்டிவிட்டுப் போகிறேன். அதைச் செய்வதுகூடப் பெரிசில்லை. சனங்களைச் சமாளிக்கத்தான் என் உசிர் போகிறது. ஒருத்தி, "ஒரே ஒரு வாளி ஊத்திக்கிடுதேன் ரகமத்து, மகளுக்கு நேந்தது" என்று வாளியோடு வருகிறாள். அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, நேர்ச்சையைப் பெருக்கிக் கழிக்கச் சொல்கிறேன். முறைத்துக்கொண்டே பெருக்குகிறாள். கந்தூரிக்கு முன்னால் சுல்தான் மாமுவே பச்சைப் பெயிண்டு டப்பாவும் ஆளுமாக வந்துவிட்டார். "ஒரு கோட்டு மட்டும்மா, கந்தூரி முடியவும் சொரண்டிரலாம்" என்கிறார். சுவரை ஒட்டிப் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டேன். அடிக்கிறதுன்னா என் சேலையிலயும் சேத்து அடிங்க மாமு என்றேன். டப்பா திரும்பிப் போனது. மறுபடி வரும். எனக்குத் தெரியும், எங்க ஆட்களைப் பற்றி.

வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தர்காவுக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டார்கள். இஸ்மாயில் கெடுத்த சுவர் என்று ஒருத்தன் சொல்லத்தான் செய்தான். காதர் காதில் விழுந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். ஊரே சேர்ந்து கெடுத்தது, அவிய ஒரு ஆள்தான் கூலி வாங்காமக் கெடுத்தாக என்றேன். உங்களுக்கு இது போதுமா?

ஒரு கஷ்டத்தைச் சொல்லவில்லையே. வியாழக்கிழமை போனால் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கை தானாக மேலே போகிறது, துடைக்க ஒன்றும் இல்லை. விழுந்தது போக மிச்சமிருக்கிற கொடியும் எழுத்தும் நிற்கிறது. இந்த மழைக்கு ஒரு பூவும் விழவில்லை. போன வாரம் ஸ்டெல்லா மிஷினை வைத்துப் பார்த்தாள். கத்தத்தான் செய்தது, ஆனால் முன்னை மாதிரி இல்லை என்றாள். அதைக் கேட்டபோது உங்ககிட்டச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதற்குத்தான் இம்புட்டும் எழுதினேன்.

மச்சான், அந்தச் சுவர் காயும் வரைக்கும் டப்பாவோடும் வாளியோடும் ஒருத்தரையும் அண்ட விடமாட்டேன். காய்ந்த பிறகு சுண்ணாம்பு மட்டும்தான். உங்க பேர் இனி அதில் வராது. எனக்கு நேரம் வந்தால் என் பேரிலும் அங்கே ஒன்றும் ஒட்டக் கூடாது என்று காதரிடம் சொல்லிவிட்டேன். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, சரிம்மா என்றான்.

உங்க தாய்மாமன் மகளும் பொஞ்சாதியுமான,
ரகமத்து